அறைக்குள் வந்த ஆறாவது ஆள்

சுவிட்சர்லாந்தின் கிழக்கு மூலையில், ஒரு மலைக் கிராமத்தில், ஐந்து பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊர்ச் சபைக் கூட்டமாக இருக்கலாம். பாட்டுக் குழுவின் ஒத்திகையாக இருக்கலாம். பேச்சு ரோமான்ஷ் மொழியில் நடக்கிறது. கேலி, வம்பு, மாட்டு விலை, யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்கிற கவலை எல்லாம் அந்த மொழியில்தான்.

கதவு திறக்கிறது. ஆறாவதாக ஒருவர் உள்ளே வருகிறார். சூரிக்கிலிருந்து வந்து ஊரோடு குடியேறியவர். நல்ல மனிதர், எல்லோருக்கும் பிடித்தவர். அவருக்கு ரோமான்ஷ் தெரியாது. யாரும் யாரிடமும் எதுவும் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் அடுத்த வாக்கியம் ஜெர்மன் மொழியில் வருகிறது. அதற்கடுத்ததும் அப்படியே. கூட்டம் முடியும்வரை ஜெர்மன்தான்.

இதில் யார்மீது குற்றம் சொல்வது? வந்தவர் ‘ஜெர்மனில் பேசுங்கள்’ என்று கேட்கவில்லை. இருந்தவர்களும் சொந்த மொழியைக் கேவலமாக நினைக்கவில்லை. ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவருக்குப் புரியாத பாஷையில் பேசுவது மரியாதை இல்லை என்று எல்லா வீட்டிலும்தானே சொல்லிக் கொடுக்கிறார்கள்! அந்த மரியாதையைத்தான் அவர்கள் காட்டினார்கள். ஆனால், ரோமான்ஷைச் சிறிது சிறிதாகத் தின்றுகொண்டிருப்பது இந்த நல்ல பழக்கம்தான். ராணுவம் வந்து அடக்கிய மொழி அல்ல அது. பல தலைமுறைகளாக ஐந்து பேர் ஒருவருக்காக விட்டுக்கொடுத்து வந்த மொழி.

சுவிட்சர்லாந்தின் தேசிய மொழிகள் நான்கு. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் ஆகிய மூன்றும் பலருக்குத் தெரியும். நான்காவதான ரோமான்ஷைப் பற்றி சுவிட்சர்லாந்துக்கு உள்ளேயே பலருக்கு அதிகம் தெரியாது. கிராபுண்டன் என்கிற மலை மாநிலத்தில் மட்டும் வழங்குகிற மொழி. 2000-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘எனக்கு மிக நன்றாகத் தெரிந்த மொழி ரோமான்ஷ்’ என்று எழுதிக் கொடுத்தவர்கள் 35,095 பேர். வீட்டிலோ வேலையிடத்திலோ பள்ளியிலோ அதைப் பேசுகிறவர்களையும் சேர்த்தால் சுமார் 60 ஆயிரம். அந்த நாட்டில் வாழும் ஈழத் தமிழர்கள் சுமார் 50 ஆயிரம் பேர் என்பார்கள். ஏறக்குறைய சம அளவுள்ள இரண்டு கூட்டங்கள், ஒரே நாட்டில். இரண்டின் வீடுகளிலும் ‘பிள்ளைகள் நம் மொழியைப் பேசுவார்களா?’ என்கிற கேள்வி உண்டு. ஆனால் தமிழ்ப் பிள்ளைக்குக் கடல் தாண்டி ஒரு தமிழ் நிலம் இருக்கிறது. ரோமான்ஷ் பிள்ளைக்கு அந்த நான்கைந்து பள்ளத்தாக்குகளை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

இயேசு பிறப்பதற்கு 15 ஆண்டுகள் முன்பு ரோமானியப் படைகள் இந்த ஆல்ப்ஸ் பகுதியைப் பிடித்தன. படைவீரர்களும் வியாபாரிகளும் பேசிய கொச்சை லத்தீன் அங்கேயே தங்கி, மலை மக்களின் வாயில் புரண்டு புரண்டு ரோமான்ஷ் ஆயிற்று. பிரெஞ்சுக்கும் இத்தாலியனுக்கும் தாயாதி உறவு. எங்காடின் பள்ளத்தாக்கில் பாலுக்கு ‘லாட்’, ரொட்டிக்கு ‘பான்’. எதிரே வருகிறவரைப் பார்த்து ‘அலேக்ரா’ என்பார்கள். மகிழ்ச்சியாக இரு என்பதுபோல ஒரு வணக்கம்.

இந்த மொழிக்கு ஒரு தலைநகரமும் இருந்தது. அதன் பெயர் கூர். 1464-ம் ஆண்டு அந்த ஊரில் பெரும் தீ. வீடுகளைத் திரும்பக் கட்டுவதற்கு வடக்கேயிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் வந்தார்கள். ஜெர்மன் பேசுகிறவர்கள். வேலை முடிந்த பிறகும் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். சந்தை ஜெர்மனுக்கு மாறியது, அப்புறம் தெரு, அப்புறம் வீடு. எரிந்த ஊரைக் கட்டிக்கொடுக்க வந்தவர்களைக் கோபித்துக்கொள்ளவா முடியும்! ஆனால் ரோமான்ஷுக்கு அதன் ஒரே நகரம் கைவிட்டுப் போனது. அதன்பிறகு அது கிராமங்களின் மொழி, மாடு மேய்ப்பவர்களின் மொழி என்றாகிப்போனது.

நகரம் இல்லாத மொழிக்கு நடுநாயகமாக ஒரு பேச்சும் இருக்காது. ஒரு பள்ளத்தாக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் கணவாய் ஏற வேண்டும். பனிக்காலத்தில் அதுவும் முடியாது. அதனால் ஒவ்வொரு பக்கமும் ஒரு தினுசாகப் பேசினார்கள், பேசியபடி எழுதினார்கள். சமேடன் ஊர்க்காரரான பிஃப்ருன் என்கிற வழக்கறிஞர் 1560-ல் புதிய ஏற்பாட்டைத் தன் பள்ளத்தாக்குப் பேச்சில் அச்சிட்டார். மற்றப் பள்ளத்தாக்குகளும் தங்கள் தங்கள் பேச்சில் வேதநூல்களை அச்சிட்டன. இன்றைக்கு ரோமான்ஷுக்கு ஐந்து எழுத்து வழக்குகள். சுர்சில்வன் என்றால் காட்டுக்கு மேலே இருப்பவர்கள் பேச்சு; சுட்சில்வன் என்றால் காட்டுக்குக் கீழே. இன்னும் சுர்மிரான், புடேர், வல்லாடேர். இதில் ‘புடேர்’ என்பது கஞ்சி குடிக்கிறவர்கள் என்று பக்கத்துப் பள்ளத்தாக்கு வைத்த கேலிப்பெயர் என்பார்கள். பக்கத்து ஊர்க்காரர்களைக் கேலி செய்யாத ஊர் எங்கே இருக்கிறது!

ஒரு குடும்பத்துக்கு மூன்று வீடு என்பது அந்த மலையில் சர்வ சாதாரணமாக இருந்தது. பணக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று வீடும் மாட்டுக்காக. அடிவாரத்தில் ஊர் வீடு. பனிக்காலம் முழுக்க மனிதர்களும் மாடுகளும் ஒரே கூரையின் கீழ். வசந்தம் வந்ததும் கொஞ்சம் உயரத்தில் உள்ள இடைக் குடிசைக்கு மாட்டை ஓட்டிக்கொண்டு போவார்கள். எங்காடின் பக்கம் அதற்கு ‘ஆக்லா’ என்று பெயர், சுர்செல்வாவில் ‘குவோல்ம்’. அங்கே புல் தீர்ந்ததும், ஜூன் மாத வாக்கில், மரங்களுக்கும் மேலே உள்ள உச்சி மேய்ச்சல். செப்டம்பரில் அதே படிகளில் இறக்கம். சுமார் நூறு நாள் உச்சி வாசம்.

உச்சிக்கு எல்லாக் குடும்பமும் போவதில்லை. ஊர் மாடுகளை மொத்தமாகச் சேர்த்து, மேய்ப்பவர்களையும் பாலாடைக்கட்டி காய்ச்சத் தெரிந்த ஒருவரையும் கூலிக்கு அமர்த்தி மேலே அனுப்பிவிடுவார்கள். எல்லா மாட்டுப் பாலும் ஒரே கொப்பரைக்குள். அப்படியென்றால் கணக்கு? அதற்குத்தான் பால் அளக்கும் நாள். யாருடைய மாடு எவ்வளவு கறந்தது என்று அளந்து எழுதிக்கொள்வார்கள். கோடை முடிவில் அந்த விகிதப்படி பாலாடைக்கட்டியும் வெண்ணெயும் பங்கு பிரியும். வருஷம் முழுக்கச் சாப்பாட்டில் பாதி அந்தப் பங்குதான் என்கிறபோது, அளவை நாளில் எத்தனை கண்கள் அந்த வாளியை உற்றுப் பார்த்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வைக்கோல் வேலைதான் முதுகை முறிக்கிற வேலை. சரிவில் நின்றபடி அரிவாளால் புல் அறுப்பது, காய வைப்பது, மூட்டை கட்டி மேலேயே கொட்டகையில் போடுவது, பனி விழுந்த பிறகு சறுக்குவண்டியில் ஏற்றி ஊருக்கு இறக்குவது. எங்காடின் வீட்டின் வாசல் ஏன் அவ்வளவு பெரியது என்றால், வைக்கோல் வண்டி அந்த வாசல் வழியாக நுழைந்து, நடுக்கூடத்தைக் கடந்து, பின்னால் உள்ள கொட்டகைக்குப் போக வேண்டும். சுவரோ கோட்டைச் சுவர்போல. ஜன்னல்கள் சிறியவை, வெளியே அகலமாகத் தொடங்கி உள்ளே போகப் போகக் குறுகும். குளிரை வெளியே நிறுத்தி வெளிச்சத்தை மட்டும் உள்ளே கூப்பிடுகிற ஏற்பாடு. பைன் பலகை அடித்த ஓர் அறைக்கு மட்டும் அடுப்புச் சூடு உண்டு. அடுப்புக்கு மேலே கூரையில் ஒரு சின்னத் திறப்பு. அதன் வழியே ஏறினால் நேராக மாடியில் உள்ள படுக்கையறை. சூட்டை வீணாக்காமல் தூங்கப் போகிற குழந்தைகளை அதில்தான் ஏற்றிவிடுவார்கள். வெளிச்சுவரில் ஈரச் சுண்ணாம்பைக் கீறிக் கீறிப் போட்ட மீன், சூரியன், பூக்கொடிச் சித்திரங்கள். இவ்வளவு கஷ்டத்துக்கு நடுவிலும் சுவரில் கோலம் போட ஒரு மனசு இருந்திருக்கிறது.

இப்படிப்பட்ட வீடுகளுக்குப் பேர்போன ஊர் குவார்டா. அந்த ஊரை வைத்து 1945-ல் ஒரு படப் புத்தகம் வந்தது. எழுதியவர் செலீனா கோன்ஸ். மழலையர் பள்ளி ஆசிரியை. அவருடைய கணவர் கட்டடக் கலைஞர். இடிந்துகொண்டிருந்த குவார்டா வீடுகளை அந்தக் காலத்தில் செப்பனிட்டுக் கொடுத்தவர். படம் வரைந்தவர் ஆலோயிஸ் கரிஜியே.

கதை எளிமையானது. மார்ச் 1-ம் தேதி ‘சலண்டாமார்ஸ்’ என்று ஒரு பண்டிகை. பழைய ரோமானியர்களுக்கு மார்ச்சில்தான் வருஷம் பிறக்கும். அந்த மிச்சம் இது. ஊர்ப் பிள்ளைகள் மாட்டு மணிகளைத் தோளில் மாட்டிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி அடித்துப் பாடிப் பனிக்காலத்தை விரட்டுவார்கள். பெரிய மணி வைத்திருப்பவன் முன்னால் போகலாம். சின்ன மணிக்காரன் கடைசி. நம் பையனுக்குக் கிடைத்ததோ ஒரு குட்டி மணி. இடைக் குடிசையில் ஒரு பெரிய மணி தொங்குவது அவனுக்கு நினைவு வருகிறது. யாரிடமும் சொல்லாமல் பனியில் தனியாக மலையேறிப் போகிறான். இருட்டிவிடவே, அங்கேயே தூங்கிப்போகிறான். வீட்டில் அப்பாவும் அம்மாவும் இரவு முழுக்கத் தவிக்கிறார்கள். காலையில் மணியோடு திரும்புகிறான், ஊர்வலத்தில் முதல் ஆளாகப் போகிறான். அவ்வளவுதான் கதை. அந்தப் புத்தகம் உலகம் முழுக்கப் போனது. 1966-ல் ஓவியத்துக்கான முதல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது கரிஜியேவுக்குத்தான் கிடைத்தது.

ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ரோமான்ஷில் அந்தப் பையனின் பெயர் உவொர்சின். உலகம் அவனைத் தெரிந்துகொண்டது ஷெல்லன்-ஊர்ஸ்லி என்கிற ஜெர்மன் பெயரில். 2015-ல் அது திரைப்படமாக வந்தபோது, அந்த எங்காடின் பையன் பேசியது சுவிஸ் ஜெர்மன். அறைக்குள் வந்த ஆறாவது ஆளுக்குப் பதில் இங்கே லட்சக்கணக்கான பார்வையாளர்கள். அவர்களுக்குப் புரிய வேண்டாமா? நியாயம்தான்.

படம் வரைந்த கரிஜியேவும் அந்த வழியாக வந்தவர்தான். 1902-ல் சுர்செல்வாவின் ட்ருன் என்கிற ஊரில் ஒரு பெரிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். வீட்டில் கஷ்டம். 1911-ல் குடும்பம் கூர் நகரத்துக்கு இறங்கியது. ஆடு மாடுகளோடு வளர்ந்த பிள்ளை, புது ஊரில் புது மொழியில் படித்தாக வேண்டும். சூரிக்கில் சுவரொட்டி ஓவியராகப் பேர் வாங்கிய பிறகும் அவருக்கு மலை விட்டுப்போகவில்லை. கடைசியில் ட்ருனுக்கே திரும்பிவந்து 1985-ல் அங்கேயே காலமானார். அவர் வரைந்த ஆடுகளையும் பனியையும் பார்த்தால், ஒன்பது வயதில் விட்டுவந்த வீட்டைத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார் என்றே தோன்றும்.

மலையிலிருந்து இறங்கியது கரிஜியே குடும்பம் மட்டுமல்ல. 20-ம் நூற்றாண்டின் தொடக்கம்வரை, ஒவ்வொரு வசந்தத்திலும் கிராபுண்டனின் ஏழை வீட்டுப் பிள்ளைகள் கூட்டமாக நடந்தே ஜெர்மனியின் ஸ்வாபியா பகுதிக்குப் போவார்கள். ராவென்ஸ்பர்க் போன்ற ஊர்களின் சந்தையில் பண்ணைக்காரர்கள் வந்து பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள். இலையுதிர் காலம்வரை மாடு மேய்த்து, குழந்தை பார்த்து, கொஞ்சம் காசும் ஒரு புதுத் துணியும் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். வீட்டில் ஒரு வாய் குறைகிறது என்பதுதான் பெற்றோரின் கணக்கு. கூடவே இன்னொரு கணக்கும் இருந்தது: ‘பிள்ளை ஜெர்மன் கற்றுக்கொண்டு வரும்.’ ஜெர்மன் தெரிந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அன்றைய அம்மாக்களுக்கே தெரிந்த உண்மை. பசித்த வீட்டில் உட்கார்ந்து அந்த முடிவை எடுத்தவர்களை இன்று யாரும் குறை சொல்லிவிட முடியாது.

எங்காடின்காரர்கள் தெற்கே இறங்கினார்கள். மிட்டாய், கேக் செய்வதில் கெட்டிக்காரர்கள். 18-ம் நூற்றாண்டில் வெனிஸ் நகரத்து இனிப்புக் கடைகளில் பெரும்பாலானவை கிராபுண்டன்காரர்களுடையவை. உள்ளூர்க்காரர்களுக்குப் பொறாமை வராமல் இருக்குமா? 1766-ல் வெனிஸ் அவர்களை வெளியேற்றியது. அசரவில்லை, ஐரோப்பாவின் மற்ற நகரங்களுக்குப் பரவினார்கள். பெர்லினில் புகழ்பெற்ற ஜோஸ்டி காபி நிலையம் எங்காடினின் சில்ஸ் ஊர்க் குடும்பம் தொடங்கியது. வெளியூரில் சம்பாதித்து, கோடையில் மட்டும் ஊர் வந்து போகிறவர்களுக்கு ரோமான்ஷில் ‘ரண்டுலின்’ என்று பெயர். தகைவிலான் குருவி என்று பொருள். வெயில் வந்தால் வரும், குளிர் வந்தால் போய்விடும்.

இன்று எங்காடின் என்றதும் நினைவுக்கு வரும் வால்நட் கேக்கும் இந்தக் குருவிகளின் கைங்கரியம்தான். எங்காடினின் உயரத்தில் வால்நட் மரம் வளராது. கொட்டை வெளியிலிருந்து, கைப்பக்குவம் வெளியூர் போய்வந்தவர்களுடையது, பெயர் மட்டும் ஊருடையது.

அப்புறம் உலகமே மேலே ஏறிவர ஆரம்பித்தது. செயின்ட் மோரிட்ஸில் ஒரு ஹோட்டல்காரர், ‘பனிக்காலத்திலும் வந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் செலவு என்னுடையது’ என்று ஆங்கில விருந்தாளிகளிடம் பந்தயம் கட்டினார் என்று ஒரு கதை சொல்வார்கள். 1904-ல் ரயிலும் வந்து சேர்ந்தது. 1880-ல் அந்த ஊரில் பாதிப் பேர் ரோமான்ஷ் பேசினார்கள். 2000 கணக்கெடுப்பில் இருபதில் ஒருவர்கூடத் தேறவில்லை. ஊர் செழித்தது. பஞ்சத்தில் இறங்கிப் போனதால் குறைந்த அதே மொழி, வளம் ஏறி வந்தபோதும் குறைந்தது.

அரசாங்கம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். நிறையவே செய்தது. இத்தாலியில் முசோலினி ஆட்சி நடந்த காலம். ‘ரோமான்ஷ் தனி மொழியே அல்ல, இத்தாலியனின் ஒரு கிளைப் பேச்சு’ என்று அங்கே சிலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மொழிக்கு உரிமை கொண்டாடுகிறவர்கள் நாளை நிலத்துக்கும் வருவார்கள் என்று சுவிஸ் மக்களுக்குப் புரிந்தது. 1938 பிப்ரவரி 20 அன்று நாடே வாக்களித்து, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ‘சரி’ என்று சொல்லி ரோமான்ஷைத் தேசிய மொழியாக்கினார்கள். அதில் பெரும்பாலானவர்கள் அந்த மொழியை ஒருநாளும் பேசாதவர்கள்! இன்று ரூபாய் நோட்டு மாதிரி அவர்களுடைய பிராங்க் நோட்டிலும் ரோமான்ஷ் எழுத்து உண்டு. வானொலி, தொலைக்காட்சி, பாடப்புத்தகம் எல்லாம் உண்டு. ரோமான்ஷ் கிராமங்களில் பள்ளியின் முதல் வகுப்புகள் அந்த மொழியில்தான். ஒரு சின்ன மொழிக்கு இதற்கு மேல் ஒரு நாடு என்ன செய்துவிட முடியும்?

ஐந்து வழக்குகளில் பாடப்புத்தகம் அச்சடிப்பது கட்டுப்படியாகுமா என்கிற கேள்வி வந்தது. ரோமான்ஷ் அமைப்புகளின் கூட்டமைப்பான லியா ருமாண்ட்ஷா கேட்டுக்கொண்டதன்பேரில், ஹைன்ரிஷ் ஷ்மிட் என்கிற சூரிக் மொழியியலாளர் 1982-ல் பொதுவான ஓர் எழுத்து மொழிக்கு விதிகள் வகுத்தார். மூன்று வழக்குகளை வைத்துக்கொண்டு, ஒரு சொல்லை இரண்டு வழக்குகள் ஒரே மாதிரி சொன்னால் அதை எடுத்துக்கொள்வது என்பது அதன் அடிப்படை. பஞ்சாயத்து பண்ணியது போலத்தான். அரசு படிவங்களுக்கு அது நன்றாகவே பயன்பட்டது. பள்ளிக்கூடத்துக்குள் வந்தபோதுதான் சண்டை. ‘என் பிள்ளை எங்கள் வீட்டில் யாரும் பேசாத ரோமான்ஷைப் படிக்கிறதே’ என்று பெற்றோர்கள் கொதித்தார்கள். 2011-ல் பழைய வழக்குகளுக்காகச் சங்கமே தொடங்கினார்கள். பொதுமொழிக்கு மாறிய பல பள்ளிகள் திரும்பிவிட்டன.

இரண்டு பக்கமும் நியாயம் உண்டுதான். ஒன்றாகச் சேராவிட்டால் ஐந்தும் தனித்தனியாகக் கரையும் என்பது ஒரு கவலை. ஆனால் பெற்றோர் பக்கத்து நியாயம் கொஞ்சம் கனமானது. பிள்ளை பள்ளியிலிருந்து வந்து பாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்ல, பாட்டி ‘நாங்கள் அப்படிச் சொல்வதில்லையே கண்ணு’ என்று திருத்த நேர்ந்தால், இருவரில் ஒருவருக்குக் கூச்சம் வந்துவிடும். கூச்சம் வந்தால் இருவருக்கும் சுலபமான வழி ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது: ஜெர்மன்.

வீடுகளின் கதை இன்னொன்று. மாடு குறைந்ததும் இடைக் குடிசைகளுக்கு வேலை இல்லாமல் போனது. பல குடிசைகள் நகரத்துக்காரர்களின் விடுமுறை வீடுகளாகிவிட்டன. எந்த ஊரிலும் இரண்டாம் வீடுகள் 20 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்று 2012-ல் நாடு வாக்களித்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் அதற்கு முன்பே இருந்த வீடுகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. புதிதாக விடுமுறை வீடு கட்ட முடியாதென்றால், வசதியுள்ளவர்களின் கண் பழைய வீடுகள்மேல் விழும். ஊருக்குள்ளேயே கல்யாணம் செய்துகொண்டு குடியிருக்க நினைக்கிற இளம் தம்பதிக்கு எங்காடினில் இன்று வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. வைக்கோல் வண்டி நுழைந்த அந்த வளைவு வாசல்கள் இப்போது வெள்ளையடித்துப் பளபளக்கின்றன. வருஷத்தில் பல வாரங்கள் பூட்டிக்கிடக்கின்றன.

உச்சி மேய்ச்சல் நின்றுவிடவில்லை. 2023 டிசம்பரில் சுவிஸ் மலை மேய்ச்சல் பருவத்தை யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் கோடையில் மேலே போய் மாடு கறக்கிறவர்களில் கணிசமானோர் ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் வருகிறவர்கள். ஒரு கோடையாவது மலையில் வாழ்ந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு வருகிற படித்த இளைஞர்களும் அதில் உண்டு. காலை 4 மணிக்கு எழுந்து உழைக்கிறார்கள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. மாட்டைக் கூப்பிடும்போது மட்டும் மொழி வேறாக இருக்கிறது. மாடுகள் பழகிக்கொண்டுவிட்டன.

எதிர்த் திசையிலும் சில காட்சிகள் உண்டு. கூர் நகரத்துப் பள்ளிகளில் ஜெர்மனும் ரோமான்ஷும் சேர்த்துச் சொல்லித் தரும் வகுப்புகள் இருக்கின்றன. 1464-ல் கைவிட்டுப்போன ஊரில்! கோடையில் பெரியவர்களுக்கான ரோமான்ஷ் வகுப்புகள் நடக்கின்றன. விடுமுறை வீடு வாங்கியவர்கள், மருமகளாக வந்தவர்கள், ஓய்வுபெற்றவர்கள் எல்லாம் பென்சிலும் நோட்டுமாக உட்கார்ந்து படிக்கிறார்கள். அவர்கள் சொல்லும் குறைதான் விசேஷம். பாடுபட்டுக் கற்றுக்கொண்டு ரொட்டிக் கடையில் போய்த் திக்கித் திணறி ரோமான்ஷில் கேட்டால், கடைக்கார அம்மா சிரித்த முகத்தோடு ஜெர்மனில் பதில் சொல்கிறாராம். பாவம், சிரமப்படுகிறார்களே என்கிற இரக்கம். அங்கே நின்று ‘இல்லை அம்மா, நீங்கள் உங்கள் மொழியிலேயே சொல்லுங்கள், நான் தப்பாகப் பேசினாலும் பரவாயில்லை’ என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். அந்த அம்மாவுக்கும் கொஞ்சம் பொறுமை வேண்டும். சட்டத்தாலும் மானியத்தாலும் வாங்கித் தர முடியாதது இந்த இரண்டும்தான்.

போன்ட்ரெசினா பக்கத்தில் மோர்டெராட்ஷ் என்று ஒரு பனியாறு. எங்காடின் ரோமான்ஷில் பனியாற்றுக்கு ‘வத்ரெட்’ என்று பெயர். வரைபடத்தில் இன்றும் அந்தச் சொல்தான் அச்சாகியிருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து நடைபாதையில் போனால் வழியெங்கும் ஆண்டு எழுதிய பலகைகள். இந்த ஆண்டில் பனி இதுவரை இருந்தது, இந்த ஆண்டில் இதுவரை என்று. 19-ம் நூற்றாண்டின் நடுவிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. வயதானவர்கள் ஏதாவதொரு பலகை அருகில் நின்று, ‘நான் பள்ளியில் படித்தபோது’ என்று கூட வந்த பேரப்பிள்ளைகளுக்குக் கை காட்ட முடியும்.

இன்னொரு மலையில் நிலமே நகர்கிறது. அல்புலா பள்ளத்தாக்கில் சுர்மிரான் வழக்குக்கு உரிய சின்ன ஊர் ஒன்று. நூறு பேர்கூட இல்லை. அதிகாரபூர்வப் பெயரே இரட்டைப் பெயர்: பிரியென்ஸ்/பிரின்சவுல்ஸ். முதலாவது ஜெர்மன், இரண்டாவது ரோமான்ஷ். ஊர் இருக்கும் சரிவு நெடுங்காலமாகக் கீழ்நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. அண்மைக் காலத்தில் வருஷத்துக்கு ஒரு மீட்டருக்கும் மேல். இதை அவசரப்பட்டுப் பருவநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. அது ரொம்பப் பழைய நோய். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு பக்கம் சரிந்தபோது ஊர்க்காரர்கள் அதற்கு ‘இல் ருட்ச்’ என்று பெயர் வைத்தார்கள். ‘இல்’ ரோமான்ஷ், ‘ருட்ச்’ ஜெர்மன், சரிவு என்று பொருள். மண் சரிந்ததற்குப் பெயர் வைத்தபோதே இரண்டு மொழியும் கலந்துதான் வாயில் வந்திருக்கின்றன.

2023 மே 12-ம் தேதி மாலைக்குள் எல்லோரும் ஊரைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. மேலே பாறை உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது. மனிதர்கள் போனார்கள், மாடுகளையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு மாதம் கழித்து ஜூன் 15 நள்ளிரவையொட்டி மலை இறங்கியது. சுமார் 12 லட்சம் கன மீட்டர் கல். சாலையைப் பல மீட்டர் உயரத்துக்கு மூடிக்கொண்டு வந்து, பள்ளிக்கூடக் கட்டடத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. வீடுகள் தப்பின. உலகப் பத்திரிகைகள் எல்லாம் படம் போட்டன. அநேகமாக ஜெர்மன் பெயரை மட்டும் போட்டன.

ஜூலைத் தொடக்கத்தில் மக்கள் திரும்பி வந்தார்கள். தூசு தட்டினார்கள், தோட்டத்தைப் பார்த்தார்கள். 2024 நவம்பரில் மறுபடியும் உத்தரவு, மறுபடியும் மூட்டை. இந்தமுறை பேச்சு வேறு மாதிரி இருந்தது. ஊரையே வேறிடத்துக்கு மாற்றிவிடலாமா, மாற்றுவதென்றால் எல்லோரும் ஒரே இடத்துக்குப் போவதா, இல்லை அவரவருக்கு வீடு கிடைத்த ஊருக்கு அவரவர் போவதா? நிவாரணப் படிவத்தில் வீட்டுக்கு மதிப்புப் போட இடம் இருக்கும். கொட்டகைக்கும் நிலத்துக்கும் இருக்கும். சாயங்காலம் வேலி ஓரமாக நின்று, ஜெர்மனுக்கு மாறத் தேவையில்லாமல் பேசிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு எந்தக் கட்டத்தில் எழுதுவது?